பெயர் மறைத்த போர்

பல் டாக்டரின் க்ளினிக்கில் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் பல் பிடுங்க மாட்டார்கள். அன்றைக்குப் போர்.

காத்திருப்போர் அறையின் நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கும். நடுவே டேபிள் டென்னிஸ் மேசை விரியும். பச்சைத் துணிக்கு அடியில் பழைய பத்திரிகைகளைச் செருகினால் குன்று. நீலத் துணியை நெளித்துப் போட்டால் ஆறு. இரு பக்கமும் சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு உலோகச் சிப்பாய்கள் அணி அணியாக நிற்பார்கள். முறை வைத்து நகர்த்த வேண்டும். எந்த அணி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அளவுநாடா. மோதினால் யார் பிழைப்பது என்பதற்குப் பகடை. சண்டை வந்தால், அதாவது விளையாடுகிறவர்களுக்குள் சண்டை வந்தால், செங்கல் கனத்தில் ஒரு விதிப்புத்தகம். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே செத்துப்போனவர்களை இன்னொரு முறை கொல்வதற்காக மூன்று பெரிய மனிதர்கள் வாரம் முழுக்க வேலை பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்தார்கள்.

ஒருவர் பல் டாக்டர். ஒடிந்த ஈட்டிகளைப் பல் அடைக்கும் சிமெண்டால் ஒட்டுவார். நோயாளிகளின் பல்லைவிட அது நெடுநாள் நிற்கிறது என்பது அவர் மனைவியின் கருத்து. இன்னொருவர் அச்சகக்காரர். குதிரைப்படை என்றால் அவருக்கு உயிர். எதிரே சுவர் இருந்தாலும் பாயச் சொல்வார். மூன்றாமவர் வங்கி மேலாளர். அவரைக் களஞ்சியம் என்று கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேரேயே. அவருக்கும் அது பிடித்திருந்தது. பழங்காலப் போர் எதைக் கேட்டாலும் அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுவரை சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். அவருக்கு எதிரே இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சமபலம் என்பதும் அவரே போட்ட கணக்கு.

அவருடைய செல்லப் போர் கன்னே. புதிதாக யார் வந்தாலும் டீ டம்ளர்களை வைத்து நடத்திக் காட்டுவார். ஹானிபல் என்ற தளபதி தன் படையின் நடுவில் வலுவில்லாத ஆட்களை நிறுத்தினான். ஓரங்களில் கெட்டிக்காரர்களை வைத்தான். ரோமானியர்கள் நடுவைத் தள்ளினார்கள். நடு பின்னால் வளைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று மொத்த ரோமானியப் படையும் உள்ளே நுழைந்தது. அப்புறம் இரண்டு ஓரமும் மூடிக்கொண்டன. பின்பக்கம் குதிரைப்படை வந்து கதவைச் சாத்தியது.

"கண்ணு தெரிஞ்சவன் எவனாவது அதுக்குள்ள போய்த் தலையைக் குடுப்பானா டாக்டர்?" என்று முடிப்பார். அந்த ரோமானியத் தளபதி வங்கியில் கடன் கேட்டு வந்திருந்தால் ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டாராம்.

இந்த மூன்று பேருக்கும் டீ கொடுத்து, பகடை பொறுக்கி, யார் எத்தனை அணி இழந்தார்கள் என்று கணக்கும் வைத்தவள் டாக்டரின் தங்கை. தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பழகிய கை. மேசையில் நிற்கும் வீரர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் வண்ணம் தீட்டியிருந்தாள். கேடயத்தின் ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது அவள் கை. ஆனால் பேச்சு மட்டும் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அண்ணி கேலி செய்வாள்.

விதிப்புத்தகம் அவளுக்கு மனப்பாடம். அண்ணன் தவறாக நகர்த்தும்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை அரிக்கும். ஆனாலும் அவள் விளையாடியதில்லை. விளையாட இடம் வேண்டும். குழுவில் நாலு பேருக்குத்தான் இடம். நாலாவது ஆள் வெளிநாடு போனதிலிருந்து அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது.

அதில் உட்கார ஒரு நிபந்தனை உண்டு. சேர விரும்புகிறவர், உண்மையில் நடந்த ஒரு பழைய போரை மேசையில் நடத்திக் காட்ட வேண்டும். ஊர், பேர், உடுப்பு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். படைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நடுவராக நிற்க வேண்டும். கடைசிப் பகடை உருளும்வரை அது எந்தப் போர் என்று மூவரில் யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. கண்டுபிடிக்க ஒரே ஒரு வாய்ப்புதான். சரியாகச் சொல்லிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடியும். வந்தவர் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

களஞ்சியம் இருக்கும்வரை அது ஆகிற காரியமில்லை. காப்பீட்டு முகவர் ஒருவர் முயன்றார். அவர் நீலத் துணியை விரித்து முடிப்பதற்குள் களஞ்சியம் போரின் பெயரைச் சொல்லி, கூடவே அது நடந்த வருடத்தையும் சொன்னார். கணக்கு வாத்தியார் ஒருவர் யானைகளை எடுத்து வைத்தார். எத்தனை யானை என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் களஞ்சியம் பெயரைச் சொன்னார். இருவரும் பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

அந்த நாற்காலியில் தான் உட்கார வேண்டும் என்று தங்கை சொன்னபோது அண்ணன் உப்புத்தாளில் ஒரு குதிரையின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா? உனக்கு மனசுல ஒண்ணு இருந்தா நெத்தியிலேயே எழுதி ஒட்டியிருக்குமே. அவர் உன் மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவார்."

"அப்ப மூஞ்சியை மூடிக்கட்டும்" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. "உங்க க்ளினிக்லதான் மாஸ்க் பெட்டி பெட்டியா கெடக்கே."

"சளின்னு சொல்லிக்கிறேன்" என்றாள் தங்கை.

"பொய்யும் சொல்ல ஆரம்பிச்சாச்சு" என்றார் அண்ணன். "சரி, எனக்கு மட்டும் சொல்லு. என்ன போரு?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"கூடப்பொறந்தவன்கிட்டகூடவா?"

"உங்ககிட்ட சொன்னா தண்டோரா போட்ட மாதிரி" என்றாள் அண்ணி. "போங்க, குதிரைக்கு வயித்தைத் தேய்ங்க."

எந்தப் போர் என்பதில் அவள் பல நாள் குழம்பினாள். யாருக்கும் தெரியாத போராகப் பார்த்து எடுத்தால் களஞ்சியத்துக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவற்றைத் தேடிப் படிப்பதுதான் அவர் பொழுதுபோக்கு. ஆய்வகத்தில் ஒருநாள் குடுவையைத் தேடி அறை முழுக்க அலைந்தாள். அது அவள் கையிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் அவள் முடிவு செய்தாள். அவர் தேடவே தேடாத இடம் ஒன்றுதான் இருக்கிறது.

கன்னே.

ரோமானியர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீள ஈட்டி பிடித்த கிரேக்கர்களை வைத்தாள். ஹானிபலின் ஆட்களுக்குப் பதில் பாலைவனத்துப் படை ஒன்று. இருவருக்கும் வடக்கரசன், தெற்கரசன் என்று பெயர். கன்னேயில் ஓடிய ஆற்றை அகலமாக்கி ஏரி போல் வளைத்தாள். உண்மையான இடம் திறந்த வெளி. இவள் ஓரத்தில் காடு மூடிய ஒரு குன்றைச் சும்மா வைத்தாள். அதில் ஒருவரும் ஒளிந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரேக்கர்களைக் களஞ்சியத்துக்கும் பாலைவனத்துப் படையை மற்ற இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, முகமூடியோடு மேசை அருகே நின்றாள்.

"என்ன தங்கச்சி, அண்ணனுக்குப் பதிலா நீயே பல்லு புடுங்கப் போறியா?" என்றார் அச்சகக்காரர்.

"சளிங்க."

"சளியா, கிலியா?"

களஞ்சியம் சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து குன்றைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். குன்றுக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த இடைவெளியை விரலால் அளந்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. வட்டிக் கணக்கில் வாடிக்கையாளரின் தவறைக் கண்டுபிடிக்கும்போது அப்படித்தான் பரவும் என்று வங்கியில் சொல்வார்கள்.

"எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றார்.

தங்கை முகமூடியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆனா இப்ப சொல்லமாட்டேன். சொன்னா ஆட்டம் முடிஞ்சிடும். பாவம், கஷ்டப்பட்டு ஏற்பாடு பண்ணியிருக்கா. முதல்ல ஜெயிச்சுக்கிறேன். அப்புறம் சொல்றேன்."

"அதானே" என்றார் அண்ணன். "சாப்பிட்டுட்டு கை கழுவுற மாதிரி."

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் எதை நினைத்திருக்கிறார் என்று தங்கைக்குப் புரிந்துவிட்டது. ஹானிபலின் இன்னொரு போர் உண்டு. ஏரிக்கரையோரமாகப் போன ரோமானியப் படையைப் பனிமூட்டத்தில் குன்றிலிருந்து இறங்கி அடித்தான். அன்று தப்பித்தவர்கள் முன்னணியில் இருந்தவர்கள்தான். எதிரே நின்றவர்களைப் பிளந்துகொண்டு நேராக வெளியே போய்விட்டார்கள். களஞ்சியம் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வந்து பரீட்சை எழுதினார். குதிரைப்படையைக் காட்டுக் குன்றின் பக்கம் திருப்பி நிறுத்தினார். மிச்சமிருந்த காலாட்படை முழுவதையும் நெருக்கி அடுக்கி, நேரே நடுவில் செலுத்தினார்.

"உடைச்சுக்கிட்டு வெளியே போயிடணும் டாக்டர். வரலாறு தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம் அதான்."

அண்ணனின் நடுவரிசை பாலைவனத்து நோஞ்சான்கள். அவர்களுக்கு மட்டும் தங்கை ஒரு விதி வைத்திருந்தாள்: தோற்றால் ஓடமாட்டார்கள், நாலு விரற்கடை பின்னால் போவார்கள். போனார்கள். மறுபடி தோற்றார்கள். மறுபடி போனார்கள்.

"சொந்த அண்ணனுக்கு இப்படி ஒரு படையா?" என்றார் டாக்டர். "எறும்பு தும்முனா பறந்துடுவானுங்க போலிருக்கே."

"நடுவர்கிட்ட பேசக் கூடாது" என்றார் களஞ்சியம்.

"நடுவர்கிட்ட பேசல சார். தங்கச்சிகிட்ட பேசுறேன்."

தங்கை அளவுநாடாவைச் சுருட்டினாள். பொய் சொல்ல ஒன்றுமே இல்லாததுதான் நல்லதாயிற்று. யாருக்கும் ரகசியம் தெரியாது. டாக்டர் ஹானிபலாக இருப்பது டாக்டருக்கே தெரியாது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நடு போய்விட்டதே என்று நிஜமாகவே அலறி, ஓரங்களில் இருந்த நல்ல அணிகளைத் திருப்பி நடுவுக்கு உதவியாக அனுப்பினார். அனுப்பிய அணிகள் களஞ்சியத்தின் படைக்கு இரு பக்கமும் போய் நின்றன. வேறு எங்கே போகும்? நடு அவ்வளவு பின்னால் போயிருந்தது.

இதற்குள் அச்சகக்காரர் தன் குதிரைகளைப் பாயவிட்டார். குன்றைக் காவல் காத்துக்கொண்டிருந்த களஞ்சியத்தின் குதிரைகள் முதுகில் அடி வாங்கிச் சிதறின.

"சார், நீங்க யாரைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அங்க மரம்தானே இருக்கு?"

"அங்கேர்ந்து வருவானுங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"எனக்கு இந்தப் பக்கம் வேலை முடிஞ்சிடுச்சு. இனி எங்க போறது?"

"கண்ணு போன போக்குல போங்க" என்றார் டாக்டர் எரிச்சலோடு.

அச்சகக்காரர் போனார். குதிரைகளைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் நிறுத்தினார்.

அண்ணி டீத் தட்டோடு வந்தவள் மேசையை எட்டிப் பார்த்தாள். "என்ன இது, எல்லாரும் பஸ்ல ஏறின மாதிரி நெருக்கிக்கிட்டு நிக்கிறாங்க?"

களஞ்சியம் முன்வரிசைக்குப் பகடை உருட்டக் கை நீட்டினார்.

"அந்த அணிக்குப் பகடை கிடையாதுங்க சார்" என்றாள் தங்கை.

"ஏன்?"

"பக்கத்துல இடமில்ல. நெருக்கத்துல மாட்டின அணி சண்டை போட முடியாது. விதி."

"சரி, இது?"

"அதுக்கும் இடமில்லைங்க."

"இது?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

களஞ்சியம் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தார். முதன்முறையாகக் குன்றை விட்டுவிட்டுத் தன் படையைப் பார்த்தார். முன்னால் வளைந்திருந்த நடுவைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு பின்பக்கம், அச்சகக்காரரின் குதிரைகள். அவருடைய காது மடல் சிவந்தது. சிவப்பு மெல்லக் கழுத்துக்கு இறங்கியது. நிறம் மாறும் திரவங்களைத் தினமும் பார்க்கிறவள் அவள். இது எந்த நிலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முடிந்தது என்று நினைத்தாள். இன்னும் ஒரு பகடை பாக்கி. அவர் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். இன்னொரு வருடம் டீ கொடுக்க வேண்டும், பகடை பொறுக்க வேண்டும், அண்ணன் தவறாக நகர்த்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த வழியும் இனிமேல் உதவாது. இதைவிட நல்ல ஒளிவிடம் அவளுக்குத் தெரியாது.

"கடைசிப் பகடை" என்றார் டாக்டர். தான் ஜெயித்துக்கொண்டிருப்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. குரலில் அந்தத் திகைப்பு இருந்தது. "சார், நீங்கதான் சொல்றேன்னு சொன்னீங்களே. பேரைச் சொல்லிடுங்க. அப்புறம் உருட்டுறேன்."

"ஜெயிச்சுட்டுச் சொல்றேன்னு சொன்னார்" என்றார் அச்சகக்காரர். "இப்ப தோத்துட்டுச் சொல்வாரா?"

களஞ்சியம் தங்கையைப் பார்த்தார். அவள் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. அது எதையும் மறைத்திருக்காது.

அவர் குனிந்து, சிதறிப்போன தன் குதிரைப்படையில் மிஞ்சியிருந்த சில வீரர்களைப் பொறுக்கினார். தளபதிச் சிப்பாயையும் எடுத்தார். அவர்களை மேசையின் ஓரத்துக்குக் கொண்டுபோய், விரிப்புக்கு வெளியே வெறும் பலகைமேல் நிறுத்தினார். விதிப்படி அதற்குப் பயன் ஒன்றும் இல்லை.

"தெரியல" என்றார்.

உருட்டப் போன டாக்டர் பகடையை மறுபடி மேசைமேல் வைத்தார்.

"என்ன சார் சொன்னீங்க?" என்றார் டாக்டர்.

"காது கேக்கலையா? தெரியலன்னு சொன்னேன். உருட்டுங்க."

டாக்டர் உருட்டினார். என்ன விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

"நடுவர் இப்ப பேரைச் சொல்லணும்" என்றார் அச்சகக்காரர். "சொல்லு தங்கச்சி. நாங்களும் தெரிஞ்சுக்கிறோம், சாருக்கே தெரியாத போரு என்னன்னு."

அவள் முகமூடியைக் கழற்றினாள். அவரைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"கன்னே."

முதலில் யாருக்கும் புரியவில்லை. டாக்டர் மேசையைப் பார்த்தார். தன் நடுவரிசையைப் பார்த்தார். ஓரங்களைப் பார்த்தார். பிறகு சுவரோரம் இருந்த ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அச்சகக்காரருக்குச் சிரிப்பில் புரையேறியது. அண்ணி அவர் தலையில் தட்டினாள்.

"அப்ப நான்தான் ஹானிபலா?" என்றார் டாக்டர். "நானா? அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொஞ்சம் கம்பீரமா உக்காந்திருப்பேனே."

"நல்லவேளை சொல்லல" என்றாள் அண்ணி. "சொல்லியிருந்தா தோத்திருப்பீங்க."

"சார்" என்றார் அச்சகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்த ரோமாக்காரனுக்குக் கடன் ஏதாவது சாங்ஷன் பண்ணலாமா?"

"மனு குடுக்கச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார் களஞ்சியம். டீயை எடுத்து முழுவதும் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு அவர்களுக்குப் படையைப் பெட்டியில் அடுக்க வெகுநேரம் பிடித்தது. இரண்டு வீரர்களை வைப்பதற்குள் ஒருவர் மற்றவரைப் பார்ப்பார். மறுபடி சிரிப்பு கிளம்பும். தங்கைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மேசை ஓரத்தில், வெறும் பலகைமேல் நின்ற அந்தச் சில குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னேயில் ரோமானியத் தளபதிகள் இரண்டு பேர். ஒருவன் களத்திலேயே செத்தான். இன்னொருவன் கொஞ்சம் குதிரைவீரர்களோடு தப்பித்துப் போனான். களஞ்சியம் கதை சொல்லும்போது டம்ளர்களோடு நிறுத்திவிடுவார், இதைச் சொன்னதில்லை. அவள் படித்திருந்தாள்.

மற்ற இருவரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். களஞ்சியம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள் அவள். ஆட்டத்துக்கு வெளியே அவரிடம் அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எது?"

"குதிரையைத் தள்ளி வெச்சீங்களே."

அவர் செருப்பின் வாரைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

"படிச்சிருக்கேல்ல? அவ்வளவு பெரிய படையைத் தொலைச்சுட்டு அந்தத் தளபதி ஊருக்குத் திரும்பி வந்தான். ஊர் சனம் வாசலுக்கே வந்து நின்னுச்சு. கல்லால அடிச்சாங்களா?"

"இல்லைங்க."

"என்ன பண்ணாங்க?"

அவளுக்குத் தெரியும்.

"நன்றி சொன்னாங்க" என்றாள். "ஊரு அவ்வளவுதான்னு கைவிட்டுடாம திரும்பி வந்தானேன்னு."

"பின்ன?" என்றார் களஞ்சியம், நிமிராமல். "வாசல்ல எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அவள் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, அண்ணிக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

"நன்றிங்க சார்."